பட்டாளத்து வண்டியும் வீட்டுப் பட்டறையும்

படைப் பணியிலிருந்து கழிக்கப்பட்ட பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்து, பழுது நீக்கி, மறுபடி ஓட வைக்கும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. இப்படிக் கைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போர்க் காலத்தவை. பிரிட்டனின் பி.எஸ்.ஏ. எம்20, நார்ட்டன் 16எச், மேட்ச்லெஸ் ஜி3எல், ராயல் என்ஃபீல்டின் 350 சிசி வண்டிகள், அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் டபிள்யூ.எல்.ஏ., ஜெர்மனியின் பக்கப்பெட்டி பூட்டிய பி.எம்.டபிள்யூ. ஆர்75 ஆகியவை அவற்றில் முக்கியமானவை. எம்20 மட்டுமே போர்க் காலத்தில் ஒன்றேகால் லட்சம் வரை செய்யப்பட்டது. இந்தியாவில் இந்த இடம் ராயல் என்ஃபீல்டு புல்லட்டுக்கு உரியது. எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டி தேடிய இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேவையே 1955-ல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றவும், சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஆலை எழவும் வழிவகுத்தது.

இந்தப் பழக்கத்தின் நிறையும் குறையும் வண்டியின் வெவ்வேறு பகுதிகளில் கிடக்கின்றன. எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரம் ஆகியவற்றில் வீட்டுப் பட்டறை பெரும்பாலும் நல்ல வேலை செய்கிறது. பெயிண்டிலும், எண்களிலும், சட்டகத்திலும் கை வைக்கும்போதுதான் திரும்பப் பெற முடியாத இழப்பு நேர்கிறது.

முதலில் நிறையைப் பார்க்கலாம். படை வண்டி வேகத்துக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. அரைகுறைப் பயிற்சி பெற்ற ஓட்டுநர் மேடு பள்ளத்தில் விழுந்து எழுந்து ஓட்டவும், சாலையோரத்தில் நான்கைந்து ஸ்பேனரோடு பழுது பார்க்கவும் ஏற்றதாக அது இருக்க வேண்டியிருந்தது. எம்20-இன் 496 சிசி எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. அதனால் சிலிண்டர் ஹெட் வெறும் மூடிதான். போல்ட்டுகளைக் கழற்றினால் கரி படிந்த வால்வுகளும் பிஸ்டன் தலையும் கண்ணுக்கு முன்னே வந்துவிடும். அழுத்த விகிதம் 5:1 அளவே இருப்பதால் போர்க் காலத்து மட்டமான பெட்ரோலையும் அது ஏற்றுக்கொண்டது. 13 குதிரைத் திறன்தான் என்றாலும் தாழ்ந்த வேகத்திலேயே இழுவை முழுதாகக் கிடைத்தது.

புல்லட்டும் இதே மரபில் வந்ததுதான். அதன் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் வீச்சு 90 மில்லிமீட்டர். நீண்ட வீச்சு என்பதால் எஞ்சின் நிதானமாகச் சுழல்கிறது. கியர்பாக்ஸ் தனிப் பெட்டியாக எஞ்சினின் முதுகில் போல்ட் போட்டு இணைக்கப்பட்டது. ஆயில் எஞ்சின் அடிப்பகுதிக்குள்ளேயே தனி அறையில் நிற்கிறது. ஒரு பகுதியைப் பழுது பார்க்க மறு பகுதியைத் தொட வேண்டியதில்லை. அடிப்படை வடிவம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிதாக மாறாததால், உதிரிப் பாகம் தேடுவோர் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் இன்றும் வெறுங்கையோடு திரும்புவது அரிது. எளிய கருவிகளோடு பொறுமையும் உள்ள ஒருவர் இத்தகைய எஞ்சினைத் தம் கையாலேயே முழுதாகப் புரிந்துகொள்ள முடியும். இன்றைய வண்டிகளில் பழுதைக் கண்டுபிடிக்கவே கணினி வேண்டியிருக்கும் நிலையில், இந்தக் கற்றல் சிறிய பேறு அல்ல. இந்தப் பழக்கத்துக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க மிக வலுவான வாதம் இதுவே. பழைய வண்டியை ஓட வைப்பதைவிட, அதை ஓட வைக்கத் தெரிந்த கைகளை உருவாக்குவது பெரிய காரியம்.

ஆனால் எளிமை தரும் துணிச்சலுக்கு எல்லை உண்டு. சிலிண்டரை போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதும், கிராங்க்கைப் பிரித்து அழுத்திக் கோட்டத்தை நூல் பிடித்தாற்போல் சரிசெய்வதும் நல்ல லேத் பட்டறையின் வேலை. வீட்டிலேயே செய்யத் துணிகிறவர்களுக்குச் சில நூறு கிலோமீட்டரில் அதே எஞ்சினை மறுபடி பிரிக்க நேர்கிறது. அலுமினிய உறைகளை மணல் வீசித் தூய்மை செய்வது இன்னொரு ஆபத்து. பார்வைக்குப் புத்தம் புதிதாகத் தெரியும் அந்த உறையின் ஆயில் துளைகளில் ஒட்டிய துகள்கள் முதல் ஓட்டத்திலேயே பேரிங்கையும் புஷ்ஷையும் அரித்துவிடும்.

மரைகளின் கதை இதைவிட வருத்தம் தருவது. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த் குடும்பத்து மரைகள் பரவலாக உள்ளன. அவற்றின் கோணம் 55 பாகை. கடையில் கிடைக்கும் மெட்ரிக் போல்ட்டின் கோணம் 60 பாகை. அளவு ஏறத்தாழ ஒத்துப்போவதால் முதல் இரண்டு சுற்று ஏறும். அதன்பின் ஸ்பேனரால் அழுத்தினால் அலுமினிய மரை சிதைந்துவிடும். போரையும் பல பத்தாண்டு மழையையும் தாங்கிய உறை ஒரு மாலைப் பொழுதில் கெட்டுப்போவது இப்படித்தான்.

உடல்நலம் பற்றிப் பேசாமல் இந்த வேலையைப் புகழ்வது பொறுப்பற்றது. அக்காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்மைத் திறந்து தூசியைக் காற்றடித்து ஊதும் வழக்கம் நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே முறை. போல்ட்டுகளின் மேல் அன்று பூசப்பட்ட காட்மியமும் நஞ்சு. அதைத் தேய்த்தும் சூடாக்கியும் அகற்றும்போது எழும் தூளையும் புகையையும் சுவாசிக்கக் கூடாது. குழந்தைகள் நடமாடும் வீட்டு முற்றம் இந்த வேலைக்கு உரிய இடம் அல்ல.

மீட்டமைப்பின் மையக் கேள்வி, வண்டியை எந்த நாளுக்கு மீட்பது என்பது. படை வண்டியைப் பொறுத்தவரை இதற்கு எளிய விடை இல்லை. பிரிட்டிஷ் படை வண்டிகளின் நிறம் போர் முழுவதும் ஒன்றாக இருக்கவில்லை. தொடக்கத்தில் காக்கி கலந்த பச்சை. பச்சை நிறமிக்குத் தட்டுப்பாடு வந்ததும் பழுப்பு. 1944 முதல் ஆலிவ் பச்சை. பாலைவனப் போர்முனையில் மணல் நிறம். ஒரே வண்டியின் மேல் இவற்றில் இரண்டு மூன்று அடுக்குகள் இருக்கலாம். போர் முடிந்து பொதுமக்களுக்கு விற்கப்பட்டபின் அவற்றின் மேல் கறுப்போ மெரூனோ ஏறியிருக்கும். அந்தக் கடைசி அடுக்கும் வரலாறுதான். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வேலைக்குப் போக மலிவான வண்டி தேடிய ஒரு குடும்பத்தின் சுவடு அது.

பாகங்களிலும் இதே நிலைதான். 1942-ல் ஜப்பான் மலாயாவைக் கைப்பற்றியதும் நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் வரத்து பெருமளவு அடைபட்டது. தமிழ்த் தொழிலாளர்கள் பால் வெட்டிய தோட்டங்களின் ரப்பர்தான் அது. இந்தத் தட்டுப்பாட்டின் விளைவு பிரிட்டிஷ் வண்டிகளின் கைப்பிடியிலும் கால்மிதியிலும் தெரிந்தது: ரப்பருக்குப் பதில் கேன்வாஸ் துணி சுற்றிய பிடிகள், உறையில்லாத இரும்புக் கால்மிதிகள். இன்று மீட்டமைப்பவர் அழகுக்காகப் புது ரப்பர் பிடியை மாட்டினால், மலாயாவின் வீழ்ச்சியை அந்த வண்டியிலிருந்து அழித்தவராகிறார்.

சேகரிப்பாளர்கள் பெரிதாக மதிக்கும் இன்னொன்று, சட்டகத்தின் எண்ணும் எஞ்சினின் எண்ணும் ஆலையில் இட்டபடி ஒத்திருப்பது. படை வண்டிக்கு இந்த அளவுகோல் சரியாகப் பொருந்தாது. ராணுவப் பணிமனைகள் வண்டிகளைக் கும்பலாகப் பிரித்துப் பழுது பார்த்தன. ஒரு வண்டியின் எஞ்சின் இன்னொன்றின் சட்டகத்தில் ஏறுவது அங்கே அன்றாட நடைமுறை. ஆகவே எண் ஒவ்வாத வண்டியே படையில் முழுதாக உழைத்த வண்டியாக இருக்கலாம். எண்களை அழித்து, ஒத்துப்போகும்படி புதிதாகப் பொறிப்பவர் மோசடி செய்கிறார் என்பது ஒருபுறமிருக்க, மெய்யான சான்றையும் அழிக்கிறார்.

இதனினும் பெரிய குறை பொய் வரலாறு. எந்தப் படைப் பிரிவில் இருந்தது என்றே தெரியாத வண்டியின் டேங்க்கில் புகழ்பெற்ற பிரிவின் சின்னத்தை வரைந்து, போரில் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கிய வண்டி போலக் காட்சிக்கு வைப்பது பரவலான வழக்கமாகிவிட்டது. போரில் உயிரிழந்தவர்களின் அடையாளம் அந்தச் சின்னங்கள். அவற்றை அலங்காரமாக்குவதை ஏற்க முடியாது. செய்ய வேண்டியது எளியது. பெயிண்டைச் சுரண்டுமுன் ஒரு சிறு இடத்தில் அடுக்கடுக்காகத் தேய்த்துப் பார்த்து, எண்கள் தெரிகின்றனவா என்று தேடி, படம் எடுத்துக் குறித்து வைப்பது. பிரிட்டிஷ் படை மோட்டார் சைக்கிள்களின் பதிவெண் சி என்ற எழுத்தில் தொடங்கும். இந்திய ராணுவ வண்டியில் மேல்நோக்கிய அம்புக்குறியும், அதையடுத்துப் படையில் சேர்ந்த ஆண்டின் இரண்டு இலக்கமும் இருக்கும். மூன்றாவது அடுக்கின் கீழே மங்கலாகத் தெரியும் அந்த எண், கடையில் வாங்கி ஒட்டும் எந்தச் சின்னத்தையும்விட மதிப்பு மிக்கது.

வண்டியைத் தன் விருப்பப்படி மாற்றியமைப்பதை மீட்டமைப்பாளர்கள் இழிவாகப் பேசுவது உண்டு. அந்த இகழ்ச்சி முழுக்க நியாயமல்ல. போருக்குப் பின் உபரியாக மலிவு விலைக்கு வந்த டபிள்யூ.எல்.ஏ. வண்டிகளை வாங்கிய அமெரிக்க இளைஞர்கள், அவர்களில் பலர் படையிலிருந்து திரும்பியவர்கள், முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டை வெட்டி, எடையைக் குறைத்தார்கள். பாபர் எனப்படும் வண்டி வகை வளர்ந்ததில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. மாற்றியமைப்பும் படை வண்டியின் கதையில் ஒரு பகுதியே.

ஆனாலும் மாற்றத்துக்கு ஓர் அளவுகோல் வேண்டும். செய்ததை நாளை வேறொருவர் பழையபடி ஆக்க முடியுமா என்பதே அது. 6 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாக்குவது, மங்கலான விளக்குக்குப் பதில் நல்ல விளக்கு, மேக்னெட்டோ உறைக்குள் மின்னணுத் தீப்பொறி ஆகியவை பழைய பாகங்களைப் பெட்டியில் பத்திரப்படுத்தினால் குற்றமில்லை. இன்றைய போக்குவரத்தில் உயிர் காக்கவும் செய்யும். இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டதால், பழைய ரப்பர் குழாயையும் கார்க் அடைப்பான்களையும் மாற்றுவது கட்டாயமே ஆகிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுத்து டேங்க்கின் துருவை வளர்க்கும்.

சட்டகத்தை அறுப்பது வேறு வகை. பழைய பிரிட்டிஷ் சட்டகங்கள் பலவற்றில் குழாய்கள் வார்ப்பிரும்பு முடிச்சுகளில் செருகிப் பித்தளைப் பற்றுவைப்பால் இணைக்கப்பட்டவை. அங்கே பற்றவைப்புத் தீயைக் காட்டினால் இணைப்பு வலுவிழக்கிறது. பின்புறத்தை அறுத்துத் தாழ்த்திய சட்டகத்தில் நீளமான முன் ஃபோர்க்கைப் பூட்டி, பிரேக்கை மட்டும் அப்படியே விட்டுவிடும் வண்டிகள் ஓட்டுபவருக்கும் எதிரே வருபவருக்கும் ஆபத்து. படங்களில் அழகாகத் தெரிவது இதற்குச் சமாதானம் ஆகாது.

இந்தியாவில் சட்டமும் இந்த வேறுபாட்டை வலியுறுத்துகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2021-ல் வந்த விதித் திருத்தம், 50 ஆண்டு கடந்து, மூல வடிவத்தில் பேணப்பட்ட இருசக்கர வண்டிகளுக்கும் பழம்பெரும் வாகனம் என்ற தனித் தகுதியைத் தந்தது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். செல்லுபடி 10 ஆண்டு. சட்டகத்திலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்தவர் இந்தத் தகுதியை இழக்கிறார். தகுதி பெற்றவரும் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ஆய்வு, பழைய வாகன அணிவகுப்பு, எரிபொருள், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம்.

மீட்டமைப்பாளர் பலர் கவனிக்காத விதி ஒன்றும் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதி, பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமில்லாத வாகனத்துக்கு ஆலிவ் பச்சை பூசுவதைத் தடை செய்கிறது. ராணுவ புல்லட்டை அதன் உண்மையான நிறத்துக்கு மீட்டால் சாலையில் குற்றம்; வேறு நிறம் பூசினால் வரலாற்றுப் பிழை. ராணுவ வேடத்தில் நடமாடுவோரைத் தடுக்க இந்த விதி தேவைதான். ஆனால் பழம்பெரும் வாகனம் எனப் பதிவான படை வண்டிகளுக்கு, உரிய அடையாளத்தோடு, விலக்கு அளிப்பதால் கேடு வராது. அரசு இதைப் பரிசீலிக்க வேண்டும்.

செலவுக் கணக்கில் இந்தப் பழக்கம் பெரும்பாலும் தோற்கிறது. உதிரிப் பாகம், லேத் கூலி, முலாம், பெயிண்ட் எல்லாம் சேர்ந்து, முடித்த வண்டியின் விலையைத் தாண்டுவது வழக்கம். லாபம் கருதி இறங்குபவர் விலகி நிற்பதே நல்லது. ஏலத்தில் வண்டி எடுப்பவர் ராணுவம் கழித்துவிட்டதற்கான ஆவணமும் ஏலச் சீட்டும் கையில் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அவை இல்லாத வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்வது பெரும்பாடு. ஆவணமும், அறுபடாத சட்டகமும், தன் பழைய பெயிண்டும் உள்ள வண்டி கிடைத்தால், எஞ்சினை முழுதாகச் சீராக்கிப் பெயிண்டைத் தொடாமல் விடுவதே மிகச் சிறந்த மீட்டமைப்பு.