செவியா, பொத்தானா?

டீஜே என்னும் இசைத்தட்டு இணைப்பாளராக விழையும் இளைஞர் பலர், தாளம் கேட்டறியுமுன் எதிரொலிக் கருவிகளை நாடுகின்றனர். கூட்டலறியாக் கணக்கன் கணக்கு யந்திரத்தை நம்புவதொக்கும்.

1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியிலே கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் என்பார், ஒரே பாட்டின் இரு தட்டுகளில் தாளப்பகுதி தொடங்குமிடத்தை மெழுகுக்கோலாற் குறித்து, ஒன்று ஒலிக்க மற்றொன்றைப் பின்சுழற்றி, அப்பகுதியை இடையறாது நீட்டினார். எந்தப் பொத்தான் அதனை அவருக்குக் கற்பித்தது?

இன்றைய 'சிங்க்' பொத்தான், நிமிடத்துக்கு 120 தாள அடியுள்ள பாட்டையும் 124 அடியுள்ளதையும் நொடியில் ஒரே வேகமாக்கும், மெய்யே. ஆயினும், ஒருவர் பாடும்போதே மற்றவரை நுழைப்பதா, அவ்வரி முடியுமட்டும் பொறுப்பதா என்பதை அஃதறியாது. செவிக்கருவியை ஒரு காதிற் பொருத்தி, மறுகாதால் அரங்கைக் கேட்டுப் பழகியவனே அறிவான்.

மேலும், மனிதர் கையால் முழக்கிய பழம்பதிவுகளில் வேகம் இடையிடையே நெகிழும். ஆங்கே பொத்தான் வழுக்க, இரு தாளமும் மோத, ஆடுவோர் கால்கள் தடுமாறுகின்றன. எதிரொலியைக் கூட்டினாலோ, அம்மோதல் இரட்டிக்கின்றது!