பீத்தோவனின் நட்பு மடல்கள்

பீத்தோவன் செவி இழந்த வரலாற்றை எழுதப் புகுவார் பெரும்பாலும் ஹைலிகன்ஸ்டாட் ஆவணத்திலிருந்தே தொடங்குவர். வியன்னாவை அடுத்த அச்சிற்றூரில், 1802-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6, 10 ஆகிய நாள்களில், தம் உடன்பிறந்தாரை முன்னிலைப்படுத்தி அவர் எழுதிய எழுத்து அது. எவருக்கும் அனுப்பப்படாமல் கிடந்து, 1827-இல் அவர் மறைந்தபின் தாள்களிடையே கண்டெடுக்கப்பட்டது. ரோமன் ரோலந்து 1903-இல் வெளியிட்ட சிறுநூல் அவ்வாவணத்தையும் நண்பர்க்கு எழுதிய மடல்களையும் ஒருங்கே சேர்த்துத் தந்தது. எனினும், படித்தோர் நெஞ்சில் நிலைத்தது ஆவணமே. தனித்து நின்று துன்பத்தை வென்ற வீரன் என்னும் படிமமும் அதனின்றே வளர்ந்தது. மடல்களே உயர்ந்த எழுத்து என்பதும், அவற்றை முதன்மையாகக் கொண்டு படிப்பின் அவ்வீரப் படிமம் பெரிதும் திருத்தம் பெறும் என்பதும் எம் கருத்து.

மடல்களைப் பெற்றவர் யார் என அறிதல் இன்றியமையாதது. பிரான்ஸ் கெர்கார்டு வெகெலர் பான் நகரினர்; பீத்தோவனுக்கு ஐந்தாண்டு மூத்தவர்; மருத்துவம் பயின்றவர். பீத்தோவன் பதின்ம வயதை எட்டிய காலத்தே அவரைப் பிராய்னிங் குடும்பத்தார் இல்லத்திற்கு அழைத்துச் சென்றவர் இவரே. அவ்வில்லத் தலைவி கைம்பெண், மக்கள் நால்வர். எலியனோருக்கும் இளையவன் லோரன்சுக்கும் பீத்தோவன் பியானோ கற்பித்தார். ஸ்டீபன் அவருக்கு உற்ற தோழனாயினான். 1787-இல், தம் பதினாறாம் வயதில், தாயை இழந்த அவ்விளைஞருக்கு மற்றொரு தாய்மனையாக விளங்கியது அவ்வீடு. 1792-இல் வியன்னா சென்றபின் அவர் பான் நகருக்கு மீளவே இல்லை.

1801 சூன் 29-இல் வெகெலருக்கு எழுதிய மடலின் அமைப்பு ஊன்றி நோக்கத் தக்கது. முதலில் நலம் கூறுகின்றார். லிச்னோவ்ஸ்கி இளவரசர் ஆண்டுக்கு 600 குல்டன் உதவுவதையும், தம் படைப்புகளை வெளியிடப் பதிப்பாளர் போட்டியிடுவதையும், கேட்ட விலை கிடைப்பதையும் ஒரு வணிகரைப் போலச் சொல்லிச் செல்கின்றார். அதன்பின்னரே செவிக்கு வருகின்றார். நாடக அரங்கில் நடிகர் சொல்வதை உணர இசைக்குழுவினரை ஒட்டி அமர வேண்டியுள்ளது. தொலைவிலிருந்து வரும் உச்சக் குரல்கள் கேளா. மெல்லப் பேசுவோரின் ஒலி கேட்கின்றது, சொல் விளங்கவில்லை. எவரேனும் கூவினாலோ பொறுக்க இயலவில்லை. இவ்வளவும் அணியின்றி, நோயாளி மருத்துவரிடம் கூறும் முறையிலேயே வருகின்றன. ஏறத்தாழ ஈராண்டுகளாகத் தாம் மக்கள் கூட்டத்தைத் தவிர்த்து வருவதாகவும், செவி கேளாதவன் என்று பிறரிடம் வாய்விட்டுச் சொல்ல இயலாமையே அதற்குக் காரணம் என்றும் கூறுமிடம் மடலின் உயிர்நிலை.

தொல்காப்பியர் அழுகை பிறக்கும் நிலைக்களன்களுள் இழவையும் இளிவையும் வேறுவேறாக வைத்தார். உடையதை இழத்தல் இழவு. பிறர்முன் எளியனாதல் இளிவு. பீத்தோவன் துயரை இழவெனவே எல்லாரும் கொள்கின்றனர். மடலோ இளிவையே பேசுகின்றது. இசை அவரைவிட்டு நீங்கியதாக அதில் ஓரிடத்தும் கூற்றில்லை. எழுதும் வேலை முன்னினும் மிகுந்துள்ளது. நீங்கியது மனிதரோடு கூடியிருக்கும் எளிமை. எனவேதான் இச்செய்தியை மறைவாக வைத்துக்கொள்ளுமாறும், எலியனோரிடமும் உரைத்தல் கூடாதென்றும் அவர் வேண்டுகின்றார்.

வெகெலர் மருத்துவராதலின் அவருக்கு எழுதினார், நட்பு இதற்குக் காரணமன்று எனச் சிலர் கூறலாம். மருத்துவர் கருத்தை வேண்டியதும், பாதாம் எண்ணெய் முதல் வெதுவெதுப்பான தன்யூப் நீராட்டு வரை தாம் பெற்ற மருத்துவங்களை விரித்ததும் உண்மையே. ஆயின், இரண்டே நாள் கழித்து, சூலை 1-இல், அதே செய்தியைக் கார்ல் அமெண்டாவுக்கும் எழுதினார். அமெண்டா மருத்துவரல்லர், வயலின் வல்லவர், சமயக்கல்வி பயின்றவர். இருவர்க்கும் பொதுவானவை இரண்டே: நெருங்கிய நட்பும் நெடுந்தொலைவும். முகம் பார்த்துச் சொல்ல முடியாததைக் கடிதம் சொல்ல வைத்தது என்பதே பொருந்தும். எழுத்தின்முன் இருவர் செவியும் ஒன்றே அன்றோ!

ஆவணத்தோடு ஒப்பிடின் இவ்வேறுபாடு நன்கு புலனாகும். ஆவணத்தில் உலகத்தாரை நோக்கிய முறையீடு உண்டு. சாவை அழைக்கும் வீறு உண்டு. தொலைவிலிருந்து வந்த குழலோசையை அருகில் நின்றவர் கேட்கத் தமக்குக் கேளாதுபோன காட்சியும் உண்டு. அக்காட்சி அரியது, மறுப்பாரில்லை. ஆனால் கேட்பார் இல்லாத இடத்தில் குரல் உயர்ந்துவிடுகின்றது. உடன்பிறந்தாருள் யோகான் பெயர் வரவேண்டிய இடங்கள் வெற்றிடமாகவே விடப்பட்டுள்ளன. பெயரைக்கூட எழுத இயலாத ஒருவனுக்கு எழுதும் எழுத்தில் உறவுரை எங்ஙனம் அமையும்? விதியை எதிர்த்து நிற்பேன் என்னும் புகழ்பெற்ற சூளுரையும் ஆவணத்தில் தோன்றவில்லை. 1801 நவம்பர் 16-இல் வெகெலருக்கு எழுதிய மடலிலேயே தோன்றுகின்றது. வீரமும் நண்பன்முன்னரே பிறந்தது என்பதை வீரம் பாடுவோர் மறந்துவிடுகின்றனர்.

அருகிருந்த நண்பன் நிலை வேறு. ஸ்டீபன் 1801-இல் வியன்னாவில் இருந்தார். பெரும்பாலும் நாள்தோறும் சந்திப்பதாகவும் பழைய உணர்வுகள் மீள்வது இனிதாயிருப்பதாகவும் சூன் மடல் கூறும். 1804-இல் இருவரும் ஒரே வீட்டில் வாழத் தொடங்கிக் கடிதில் பூசலிட்டுப் பிரிந்தனர், பின்னர்க் கூடினர். அவ்வாண்டு நவம்பரில் ஸ்டீபன் வெகெலருக்கு எழுதியது ஒரு தனிச் சான்று. செவிக்கேடு பீத்தோவனிடம் விளைத்த மாற்றம் சொல்லொணாதது என்றும், உற்ற நண்பர்மாட்டும் ஐயமும் ஒதுக்கமும் அவரிடம் பெருகியுள்ளன என்றும் அவர் வருந்துகின்றார். தொலைவிலிருந்தவர்க்கு வாய்மை கிடைத்தது. அருகிலிருந்தவர்க்கு ஐயம் கிடைத்தது. ஸ்டீபன் பெற்ற மற்றொன்றும் உண்டு: 1806-இல் இயற்றப்பெற்ற வயலின் கான்செர்ட்டோ அவருக்கே உரிமையாக்கப்பட்டது. மடல் எழுத வேண்டாத அண்மையிலிருந்தவர்க்கு இசையே மடலாயிற்றோ என எண்ணத் தோன்றினும், அதை யாம் வற்புறுத்தோம். இசைக்குச் சொற்பொருள் கற்பிப்பது எம் துறையன்று.

பிற்கால முரண்பாட்டால் நெடுநாள் விலகியிருந்த ஸ்டீபனோடு 1825-இல் மீண்டும் உறவு தளிர்த்தது. பீத்தோவன் அவர் மனைக்கு அணித்தே குடிவந்தார். வெகெலருக்கும் 1826 திசம்பரில் எழுதினார். எலியனோரின் நிழலுருவப் படத்தை இன்னும் வைத்திருப்பதாக அம்மடலில் குறிக்கின்றார். இவ்விறுதிக் காலத்தில் ஸ்டீபனின் மகன் கெர்கார்டு, பன்னிரண்டு பதின்மூன்று அகவைச் சிறுவன், அவரை இடையறாது சூழ்ந்திருந்தான். ஒட்டிக்கொண்டே திரிந்தமையால் ‘காற்சட்டைப் பொத்தான்’ என்று அவனுக்குப் பெயரிட்டார். சேக்சுபியர் நாடகத்து ஏரியல் என்றும் அழைத்தார். 1874-இல் முதியவராய் அவர் எழுதிய நினைவு நூல், தந்தையும் வெகெலரும் விட்ட இடங்களைப் பெரிதும் நிரப்புகின்றது.

அச்சிறுவனுடைய கையெழுத்து உரையாடற் குறிப்பேடுகளில் உள்ளது. 1818 முதல் வந்தோர் தாம் சொல்ல விழைந்ததை அவ்வேடுகளில் எழுதிக் காட்டினர். பீத்தோவன் பெரும்பாலும் வாயாலேயே விடையிறுத்தார். ஆதலின் ஏட்டில் எஞ்சியவை வினாக்களும் செய்திகளுமே. அவற்றைப் பதிப்பிப்போர் விடையை ஊகித்து நிரப்ப முனைவதைவிட, அடுத்து அச்சிறுவன் எழுதிய வரியைக் கூர்ந்து பார்ப்பது நன்று. மேலே சொல்லப்பட்ட விடை பலவிடத்தும் அவ்வரியின் திருப்பத்தில் நிழலாடுகின்றது.