அனுபவம் என்ற ஒற்றைச் சொல்

உயர்தரப் பெறுபேறு வெளியானதும் யாழ்ப்பாணத்தில் வழிகாட்டல் கருத்தரங்குகள் தொடங்கிவிடும். அங்கே இப்போது ஒரு வரைபடம் கைமாறுகிறது. கணிதப் பிரிவு, இசட் புள்ளி, பொறியியற்பீடம், இயந்திரப் பொறியியல், அங்கீகாரம் பெற்ற பட்டம், பட்டயப் பொறியியலாளர் தகுதி, பிறகு அவுஸ்திரேலியா அல்லது கனடா. சாதாரணதரம் எழுதிய கையோடு நிற்கும் பிள்ளைக்கும் இதையே நீட்டுகிறார்கள். திட்டமில்லாத பிள்ளை அலைக்கழிந்து போகும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

அந்த நியாயத்தில் உண்மை உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் நாற்பது சதவீதம் அகில இலங்கைத் தகுதி அடிப்படையிலும் ஐம்பத்தைந்து சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் போகும் நாட்டில், வெட்டுப்புள்ளியை நினையாமல் ஒரு குடும்பமும் படிப்பிக்க முடியாது. பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று சேர முன்னரே விசாரிப்பதும் அவசியம். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் முழு உறுப்புரிமை பெற்றபின் அங்கீகரிக்கப்பட்ட பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்பு வந்தது. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பொறியியல் பேரவைச் சட்டம் தொழில் செய்வோர் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. இவற்றை அறியாமல் கட்டணப் படிப்பில் காசையும் காலத்தையும் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

என் மறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. வரைபடத்தில் பட்டத்துக்கும் பட்டயத்துக்கும் நடுவே ஒரு அம்புக்குறி. அதன்மேல் ‘அனுபவம்’ என்று ஒரே ஒரு சொல். இயந்திரப் பொறியியலாளர் உருவாகும் காலம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. பொறுப்பான ஒருவரின் கீழ் சில ஆண்டுகள் வேலை செய்து, செய்ததை அறிக்கையாக எழுதி, மூத்த பொறியியலாளர்கள் முன் அமர்ந்து பதில் சொல்ல வேண்டும். எதைத் தீர்மானித்தாய், எந்தக் கணக்கை நம்பித் தீர்மானித்தாய், பிழைத்தால் யார் பொறுப்பு என்று அவர்கள் துருவும்போது, பக்கத்தில் நின்று பார்த்தவனிடம் பதில் இருக்காது. பயிற்சிப் புத்தகமும் கடந்தகால வினாத்தாளும் அங்கே உதவா.

வெளிநாட்டுக்குப் போகிறவருக்கும் இதுவே விதி. கனேடிய அனுபவம்தான் வேண்டும் என்ற நிபந்தனையை ஒன்ராறியோவின் பொறியியலாளர் அமைப்பு 2023இல் நீக்கியது. நான்கு ஆண்டு அனுபவம் வேண்டும் என்பதை அது நீக்கவில்லை.

இந்த அனுபவம் குடாநாட்டில் எங்கே கிடைக்கும்? காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றுபோனது. சூளை, அரைவை இயந்திரம், கடத்துபட்டி எல்லாவற்றையும் ஒரே வளவுக்குள் பார்க்கக்கூடிய இடம் அதோடு போயிற்று. ஆனாலும் இடமே இல்லை என்பது பொய். சுன்னாகத்தில் 24 மெகாவாட் ‘உதுரு ஜனனி’ மின்நிலையம் இருக்கிறது. பளையில் காற்றாலைகள் இருக்கின்றன. வடமராட்சி கிழக்குத் தாளையடியில் 2024இல் திறந்த ஆலை நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீரைக் கடல்நீரிலிருந்து பிரித்தெடுக்கும் அளவில் கட்டப்பட்டது. கடல்நீரை மென்சவ்வு வழியே தள்ளும் அழுத்தம், அந்த அழுத்தத்தைத் தாங்கும் பம்பு, உப்பு அரிக்காத உருக்கு என்று மூன்று பாடங்களின் உயிருள்ள உதாரணம் அங்கே ஓடுகிறது. வழிகாட்டல் மேடைகளில் தாளையடி என்ற பேரை நான் கேட்டதே இல்லை. சிட்னி, ரொறன்ரோ கேட்டிருக்கிறேன்.

பெரிய ஆலைகள்கூட வேண்டாம். தோட்டக் கிணற்றுப் பம்பு ஒன்று பட்டறைக்கு வருகிறது. தண்டு தேய்ந்து, தாங்கி இரைகிறது. லேத்தில் நிற்பவர் தேய்ந்த இடத்தை வெல்டிங்கால் நிரப்பி, கடைந்து, கலிப்பரால் அளந்து, கடைசி மெல்லிய படலத்தை எமரித்தாளுக்கு விட்டுவைக்கிறார். பிறகு, மோட்டாரும் பம்பும் ஒரே கோட்டில் நிற்கவில்லை, அதைத் திருத்தாவிட்டால் மூன்று மாதத்தில் திரும்ப வருவாய் என்று தோட்டக்காரரிடம் சொல்கிறார். பழுதைத் திருத்தியதோடு நில்லாமல் காரணத்தையும் கண்டுவிட்டார். முறுக்கு விசைக்குச் சமன்பாடு எழுதத் தெரிந்த பட்டதாரிகளில் எத்தனை பேர் அந்தக் கலிப்பரைப் பிடித்திருக்கிறார்கள்?

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாத இந்த ஊரை ஓடவைத்ததும் கராஜ்காரர்தான். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் பீச்சித் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். எரிபொருளின் ஆவியாதலைக் கையால் படித்தவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவரைக்கூட எந்தக் கருத்தரங்கு மேடையிலும் நான் கண்டதில்லை.

ஏன் காணவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பிள்ளை கராஜில் நிற்கிறான் என்று சொல்ல இங்கே தாய் தகப்பன் கூசுகிறார்கள். 2013இல் உயர்தரத்தில் வந்த தொழில்நுட்பப் பிரிவைக் கணிதம் ஓடாதவர்களின் ஒதுக்கிடமாக்கியதும் இதே கூச்சம்தான். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியற்பீடமும் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் ஒரே ஊரில் நிற்கின்றன. ஊர் மனத்தில் அவற்றுக்கு நடுவே கடல் கிடக்கிறது. பொறியியல் பேரவைச் சட்டமோ பட்டயப் பொறியியலாளரோடு டிப்ளோமாதாரரையும் தொழில்நுட்பவியலாளரையும் பதிவேட்டில் சேர்க்கிறது. வரைபடம் கீறுபவர்கள் அந்தச் சட்டத்தின் மேல்வரியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். இது கவலையீனத்தால் வந்த பிழை என்று நான் நம்பவில்லை. கரி பிடித்த கையைக் காட்டினால் கட்டணம் கட்டும் பெற்றோர் எழுந்து போய்விடுவார்கள்.

பேராதனைப் பொறியியற்பீடத்தில் முதலாண்டுப் பெறுபேற்றை வைத்துத்தான் துறை பிரிக்கிறார்கள். அப்படியிருக்க, பதினாறு வயதில் இயந்திரவியல் என்று எழுதிக்கொடுப்பதற்கு அடிப்படை என்ன? உயர்தரம் எழுதியபின் பல்கலைக்கழகம் கூப்பிடும்வரை இங்கே பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தை ஆங்கில வகுப்பும் கணினி வகுப்பும் எடுத்துக்கொள்கின்றன. அதில் மூன்று மாதம் ஒரு பட்டறையில், ஊதியம் இல்லாமலேனும், பம்பு கழற்றிப் பூட்ட விட்டால், இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்று பிள்ளைக்கே விளங்கும். அடுத்த கருத்தரங்கின் வரைபடத்தில் முதல் பெட்டியாக அது வரட்டும், இசட் புள்ளிக்கும் முன்னால்.