கட்டடமும் கதையும்

பசிபிக் பெருங்கடலில், பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட நியூ கலிடோனியாவின் தொல்குடியினர் கனாக் மக்கள். அவர்தம் விடுதலை இயக்கத் தலைவர் ழான் மரீ ஜிபாவு, 1988-இல் பிரெஞ்சு அரசோடு உடன்பாடு கண்டமைக்காக, மறு ஆண்டே தம் இனத்தான் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரால் தலைநகர் நூமேயாவில் 1998-இல் திறக்கப்பட்ட பண்பாட்டு மையத்தை வடிவமைத்தவர் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ. உலகப் புகழ் பெற்ற இக்கட்டடம் கனாக் மக்களின் கதையைச் சொல்கின்றதா என்பதே நம் வினா.

கனாக் குடிசையின் சாயலில் எழுந்த பத்துக் கூடுகள் 28 மீட்டர் வரை உயர்ந்து நிற்கின்றன. இரட்டைச் சுவர்களினிடையே கடற்காற்றைச் செலுத்தி அறைகளைக் குளிர்விக்கும் அமைப்பு பாராட்டுக்குரியது. ஆயினும், கனாக் பெருங்குடிசைக்கு உயிர் தருவன அதன் நடுத்தூணும், கூரையுச்சியில் முன்னோரைக் குறிக்கும் செதுக்குக் கோலுமே. கூடுகளின் உச்சியில் அக்கோலைக் காணோம். மரமோ ஆப்பிரிக்காவில் விளைந்தது. மேலே கூடாது நிற்கும் விளிம்புகள், இன்னும் வளரும் பண்பாட்டின் குறி என்பர். நல்ல விளக்கமே. எனினும், பிறர் விளக்கிய பின்னரே விளங்குவதை அம்மக்களின் கதை எனல் எவ்வாறு பொருந்தும்?

மையத்தின் மெய்யான வெற்றி கட்டடத்திற்கு வெளியே உள்ளது. அங்குள்ள ‘கனாக் பாதை’, முதல் மனிதன் தேயா கனாக்கேயின் கதையை, தோற்றம், வேளாண்மை, முன்னோர் நிலம், ஆவிகளின் உலகு, மறுபிறப்பு என ஐந்து கட்டங்களாகச் செடிகொடிகளைக் கொண்டே சொல்கிறது. 1975-இல் ஜிபாவு முன்னின்று நடத்திய ‘மெலனேசியா 2000’ விழாவில் நாடகமாக அரங்கேறியதும் இக்கதையே. கனாக் மரபில் வறண்ட நிலத்துப் பெருவள்ளிக்கிழங்கு ஆண்மையின் குறி. நீர் பாயும் நிலத்துச் சேம்பு பெண்மையின் குறி. வாய்மொழியாகவே வரலாற்றைக் காத்த அம்மக்களுக்குப் பயிரே ஏடாயிற்று. கருப்பொருள் வழியே உரிப்பொருளை உணரும் தமிழ் வாசகர்க்கு இதன் அருமை எளிதில் புலப்படும்.

ஆயினும் செடி தானே பேசாது. கதையறிந்த ஒருவர் உடன் நடந்து சொல்லாவிடில், பாதை வெறும் பூங்காவாகிவிடும். பிற மாநிலங்களில் மன்றம் எழுப்ப முனையும் நம் சங்கங்களும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். முகப்பில் கோபுரம் அமைக்கப் பொருள் திரட்டும் நாம், நம் குழந்தைகட்குக் கதை சொல்லும் பாட்டிக்கு அங்கே ஓர் இடமும், வாரத்தில் ஒரு மாலையும் ஒதுக்கியுள்ளோமா?