கடற்கரைக் குப்பிகள்: அறியும் முறையும் சேர்க்கும் மரபும்

கொளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையே உள்ள இனயம் போன்ற கடற்கரை ஊர்களில் பழைய கண்ணாடிக் குப்பிகள் இன்றும் கண்ணில் படும். கரமடியில் மீனோடு சிக்கி வருவதுண்டு. வீடு கட்ட வானம் தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வருவதுண்டு. பாட்டி காலத்துப் பெட்டியிலிருந்து வேளாங்கண்ணி எண்ணெயோடு வருவதும் உண்டு. எப்படி வந்தாலும் பெரும்பாலும் அவை போய்ச் சேருவது பழைய பொருள்களை எடைக்கு வாங்கும் ஆக்கர் கடைக்குத்தான். நம் முன்னோர் என்ன குடித்தார்கள், எந்த மருந்தைச் சாப்பிட்டார்கள், கப்பலில் வந்த எந்தச் சரக்குக்குக் காசு கொடுத்தார்கள் என்றெல்லாம் கடற்கரையில் யாரும் எழுதி வைக்கவில்லை. அதற்குச் சாட்சி சொல்லக்கூடிய பொருளைத்தான் எடைக்குப் போடுகிறோம்.

ஒரு குப்பியின் வயதைப் பார்க்க முதலில் கழுத்தைப் பார்க்க வேண்டும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் பக்கவாட்டில் மெல்லிய கோடு ஓடும். நகத்தால் வருடினாலே தட்டுப்படும். அந்தக் கோடு கழுத்தில் நின்றுபோனால் வாயை ஒரு தொழிலாளி தனியாகக் கையால் முடித்திருக்கிறார். உதட்டு விளிம்பு வரை ஏறினால் அது இயந்திரக் குப்பி. அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் 1903இல் தானியங்கி இயந்திரத்தை உருவாக்கிய பிறகே இவ்வகை பெருகியது. கோடே இல்லாமல், அடியில் சொரசொரப்பான வட்ட வடு இருந்தால், ஊதி முடித்த பிறகு வாயைச் சீராக்க இரும்புத் தண்டில் ஒட்டிப் பிடித்த தடம் அது. இது இன்னும் பழைய முறை. சோடாக் குப்பிகளில் நாம் பார்க்கும் நெளிவுத் தகர மூடி வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை பெற்றது. அந்த மூடிக்கென்று வார்த்த வாய் இருந்தால் குப்பி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

இந்த அளவுகோல்கள் இங்கிலாந்து, அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் வகுத்தவை. அப்படியே எடுத்துக்கொண்டால் நம் குப்பிகளில் தவறிவிடுவோம். மக்களிடம் ஒவ்வொரு பைசாவாகத் திரட்டிய நிதியில் மகாராஷ்டிரத்துத் தளேகாவில் பைசா ஃபண்ட் கண்ணாடித் தொழிற்சாலை 1908இல் தொடங்கியது. சுதேசிக் காலத்தில் பிறந்த இத்தகைய தொழிற்சாலைகளில் கைவேலை நெடுங்காலம் நீடித்தது. ஆகவே, கையால் முடித்த வாய் என்பதற்காக ஒரு இந்தியக் குப்பியை 19ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளிவிடக் கூடாது. அடியில் உள்ள எழுத்தையும் ஊர்ப்பெயரையும் படித்துவிட்டுத்தான் காலத்தைச் சொல்ல வேண்டும்.

நிறம் அவ்வளவு நம்பத்தகுந்த சாட்சி அல்ல. மணலில் இரும்பு கலந்திருந்தால் கண்ணாடி பச்சையாகும். மணவாளக்குறிச்சி மணலைக் கறுப்பாக்கும் இல்மனைட்டிலும் இரும்பு உண்டு என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். அந்தப் பச்சையைப் போக்க மாங்கனீசு சேர்த்த பழைய கண்ணாடி, வருடக்கணக்கில் வெயில் பட்டால் ஊதாவாக மாறும். இப்போது கதிர்வீச்சில் வைத்துச் செயற்கையாக ஊதா ஏற்றியும் விற்கிறார்கள். அடர்ந்த ஊதா குப்பியைக் கண்டால் சந்தேகப்படுவதே நல்லது.

நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பழங்குப்பி கோலி சோடா. லண்டனில் ஹைரம் காட் 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற வடிவம் அது. உள்ளே ஒரு கண்ணாடிக் கோலி, கழுத்தின் உள்விளிம்பில் ரப்பர் வளையம். சோடா நிறைந்த குப்பியைக் கவிழ்த்ததும் வாயு கோலியைத் தள்ளி வளையத்தோடு அழுத்திவிடும், தனி மூடியே வேண்டாம். கழுத்தின் ஒரு பக்கம் இரண்டு பள்ளம் இருக்கும். அந்தப் பக்கம் கீழே வரும்படி சாய்த்து ஊற்றினால் கோலி பள்ளத்துக்குப் பின்னால் தங்கிக்கொள்ளும், வாயை அடைக்காது. வேலூரில் கண்ணுசாமி முதலியார் 1924இல் கண்ணன் அண்ட் கோவைத் தொடங்கி இதைத் தமிழ்நாட்டில் பரப்பினார். பிற்காலத்தில் உத்தரப் பிரதேசத்துச் சாஸ்னியில் இக்குப்பிகள் உருவாயின. கோலிக்காகப் பிள்ளைகள் உடைத்தது ஒரு பக்கம், தெருச் சண்டையில் வீசி உடைத்தது இன்னொரு பக்கம். இவ்வளவுக்கும் தப்பி, கோலியும் கழுத்தும் முழுதாக நிற்கும் ஒன்று கையில் வந்தால் பத்திரப்படுத்த வேண்டும்.

மருந்துக் குப்பிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி 1838இல் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு வீட்டிலிருந்தே குப்பி கொண்டுபோய் மிக்ஸ்சர் மருந்து வாங்கிவந்த காலம் பெரியவர்கள் நினைவில் இருக்கிறது. எத்தனை வேளை என்று காட்ட, பல்பல்லாக வெட்டிய காகிதத்தைக் கம்பவுண்டர் பக்கத்தில் ஒட்டித் தருவார். அந்தக் காகிதத்தோடு ஒரு குப்பி கிடைத்தால் எனக்கு அது வெள்ளிக் கிண்ணத்தைவிட மேல். ஸ்காட்ஸ் எமல்ஷன் குப்பியில் முதுகில் பெரிய மீனைச் சுமந்து போகும் மீனவர் உருவம் உண்டு. மீன்பிடி ஊரில் அதை இன்னொரு முறை பார்க்காமல் யாரும் கீழே வைக்க மாட்டார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த நச்சு மருந்துக் குப்பிகளில் பல கருநீலம். இருட்டிலும் கை அறியும்படி உடம்பெல்லாம் வரியிட்டவை.

சேர்ப்பவர்களில் ஒரு சாரார் நிறத்துக்காகச் சேர்ப்பார்கள். ஜன்னலில் வரிசையாக வைத்து வெயில் பார்ப்பவர்கள். இன்னொரு சாரார் ஒரே வகையைத் தேடுவார்கள்: சோடா என்றால் சோடா, மை என்றால் மை. தாமே தோண்டி எடுத்ததைத் தவிர வேறெதையும் வைத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. நான் மதிக்கும் மரபு, குப்பியோடு அது கிடைத்த ஊரையும் சேர்த்து வைக்கும் மரபு. சதுர வடிவக் கறுப்புக் குப்பி கிடைத்ததும் 1741 கொளச்சல் போரில் டச்சுக்காரர்கள் குடித்த ஜின் என்று கதை கட்டிவிடுகிறோம். பெட்டியில் நெருக்கி அடுக்க வசதியான அந்த வடிவம் 19ஆம் நூற்றாண்டிலும் வார்க்கப்பட்டது. கிடைத்த இடமும், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதும், கூட இருந்த பொருள்களும் தெரியாமல் அது எந்தப் போருக்கும் சாட்சி ஆகாது.

விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் குப்பியின் விலை குறையும். ஈரமண்ணில் கிடந்து படிந்த வெண்மூட்டம் தேய்த்தாலும் போகாது, அமிலம் ஊற்றிக் கெடுக்க வேண்டாம். அலை மணலில் உருண்டு மங்கிய குப்பியைச் சந்தை ஒதுக்கும், நாம் ஒதுக்கக் கூடாது. அடுத்த முறை ஆக்கர் வண்டி தெருவில் வரும்போது, பழைய குப்பியைப் போடுவதற்கு முன் அதன் கழுத்தையும் அடியையும் ஒருமுறை பாருங்கள். எழுத்து ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள். யார் வீட்டில், எந்த இடத்தில், எந்த வருடம் கிடைத்தது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கழுத்தில் நூலால் கட்டி விடுங்கள்.