விடை கூறப்படாத வினா: கோடீஸ்வரன் வழக்கு பற்றிய ஒரு மறுநோக்கு

நீதிமன்றத் தீர்ப்புகளைத் திறனாய்வோர் பெரும்பாலும் நீதிபதிகள் கூறியவற்றையே ஆராய்வர். அவர்கள் கூறாது விட்டவையும் ஆராய்ச்சிக்குரியனவே. இலங்கையின் அரசியலமைப்பு வரலாற்றில் இதற்குத் தக்க சான்றாக அமைவது கோடீஸ்வரன் எதிர் சட்டமா அதிபர் என்னும் வழக்காகும்.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கியது. அதனைச் செயற்படுத்தும் நோக்குடன் 1961இல் வெளியான திறைசேரிச் சுற்றுநிருபமொன்று, அரசாங்க ஊழியரின் சம்பள ஏற்றத்தைச் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையோடு பிணைத்தது. எழுதுவினைஞராகிய கோடீஸ்வரன் அப்பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962இல் அவரது சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஏனைய சமூகத்தவர்க்கில்லாத இடர்ப்பாட்டினை ஒரு சமூகத்தவர் மீது சுமத்தும் சட்டத்தை ஆக்கும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்துக்கு வழங்கவில்லை. எனவே மொழிச் சட்டமும் அதன்வழிப் பிறந்த சுற்றுநிருபமும் வெற்றானவை என்பதே அவரது வாதம். 1964இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் அதனை ஏற்றுத் தீர்ப்பளித்தார்.

1967இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டியது. சம்பளங் கோரி முடிக்கெதிராக வழக்கிடும் உரிமை அரசாங்க ஊழியருக்கு இல்லை என்பதே அது கூறிய காரணம். வழக்கே நில்லாதபோது அரசியலமைப்பு வினா எழாது என அம்மன்று கொண்டது. தவிர்க்க இயலாதவிடத்தன்றி அரசியலமைப்பு வினாக்களைத் தீர்மானித்தலாகாது என்னும் நெறி பொதுவாகப் போற்றத்தக்கதே. ஆயினும், வழக்கின் உயிர்நாடியாக விளங்கும் வினாவுக்கு அந்நெறியைப் பிரயோகிக்கும்போது நிதானம் எது, நழுவல் எது என வேறுபிரித்தறிதல் அரிதாகிவிடுகின்றது.

1969இல் கோமறைக் கழகம் உயர் நீதிமன்றத்தின் முடிவை ஏற்கவில்லை. இலங்கையில் வளர்ச்சியுற்ற உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, ஈட்டிய சம்பளத்துக்காக அரசாங்க ஊழியர் வழக்கிடலாம் என டிப்ளொக் பிரபு தீர்ப்புரைத்தார். எனினும் உயர் நீதிமன்றத்தின் கருத்தறியாது மொழிச் சட்டத்தின் செல்லுபடி பற்றி முடிவுகூற விரும்பாது, வழக்கினை அம்மன்றுக்கே திருப்பியனுப்பினார். அவ்வினா மீண்டும் விசாரிக்கப்படுமுன், 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு மே 22இல் புதிய குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்தபோது 29ஆம் பிரிவும் மறைந்தது. மொழியுரிமைக்காக வழக்காடியவர், இனமொழி வேறுபாடின்றி அரசாங்க ஊழியர் அனைவர்க்கும் சம்பள உரிமையை ஈட்டிக் கொடுத்தார். தாம் கேட்ட வினாவுக்கு மட்டும் விடை பெற்றாரல்லர்.

விடை கிடைத்திருப்பின் அது அவருக்குச் சாதகமாகவே இருந்திருக்கும் எனத் துணிதல் பொருந்தாது. 1953இல் கோடகன் பிள்ளை வழக்கிலே கோமறைக் கழகம், பிரசாவுரிமை பற்றிய சட்டம் 29ஆம் பிரிவை மீறவில்லை எனக் கொண்டது. ஆயினும், நேரடியாக எல்லை மீறாதவாறு வரையப்பட்ட சட்டமும் மறைமுகமாக அதே விளைவை ஏற்படுத்துமாயின் அதிகாரங் கடந்ததாகலாம் என்பதையும் அது ஒப்புக்கொண்டது. இவ்வாறு திறந்து விடப்பட்ட கதவு எத்துணை அகலமானது? எச்சமூகத்தின் பெயரையுஞ் சுட்டாது மொழியை மட்டுமே சுட்டும் சட்டம், அம்மொழியைப் பேசாத சமூகத்தைச் சுட்டியதாகாதா? இதனை அளந்தறியும் வாய்ப்பே கோடீஸ்வரன் வழக்கிற் கைநழுவியது. வழக்காளி தோற்றிருப்பினும், காரணங்கள் எழுதப்பட்டிருக்கும். எழுதப்பட்ட காரணத்தைப் பிற்காலத்தார் மறுக்கலாம். மௌனத்தை எவ்வாறு மறுப்பது?

1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் அது சட்டமன்றம் வழங்கியதே. நீதிமன்றம் உறுதிப்படுத்திய எல்லையன்று. 1978ஆம் ஆண்டின் யாப்பு, நிறைவேறிய சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றிற் கேள்விக்குட்படுத்த இடமளிப்பதில்லை. மசோதா நிலையிலேயே ஆட்சேபிக்க வேண்டும். ஒரு சட்டம் நடைமுறையில் யாரை எவ்வாறு தாக்குமென்பது பெரும்பாலும் ஆண்டுகள் கடந்தபின்னரே புலப்படும். கோடீஸ்வரனுக்கும் அது ஆறாண்டுகளின் பின்னரே நேர்ந்தது. இன்று அவர் நிலையில் ஒருவர் நிற்பாராயின், அவ்வினாவைக் கேட்பதற்கேனும் அவருக்கு மன்றில்லை. 29ஆம் பிரிவினை ஏட்டளவிற் கற்கும் சட்ட மாணவர் சிந்திக்க வேண்டிய இழப்பு இதுவேயாகும்.