ஜேரூபியில் ஓடும் ரெயில்ஸ்

2004-இல் வெளிவந்த ரெயில்ஸ் என்ற வலைச் சட்டகம், சி மொழியில் எழுதப்பட்ட ரூபி இன்டர்பிரெட்டரை நம்பியே வளர்ந்தது. ரூபியின் ஜாவா வடிவமான ஜேரூபி, அதே ரெயில்ஸை ஜாவா மெய்நிகர் எந்திரத்தின் மேல் ஓட்டிக் காட்டுகிறது. இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு தீராது.

மூல ரூபியில் த்ரெட்களை வரிசையில் நிறுத்தும் பொதுப் பூட்டு ஜேரூபியில் கிடையாது. ஒரே புராசஸுக்குள் எல்லா கோர்களும் சேர்ந்து உழைக்கின்றன. தொடங்கத்தான் சற்றுத் தாமதமாகும். ஓட ஓட ஜேஐடி கம்பைலர் வேகம் கூட்டும்.

சி மொழியில் எழுதிய துணை நூலகங்கள் அங்கே ஓடா. அதனால் அப்படியொரு நூலகமான நோக்கோகிரிக்கு ஜாவா வடிவம் எழுதினார்கள். டேட்டாபேஸை ஜாவாவின் ஜேடிபிசி வழியாக இணைத்தார்கள். பயனர் கண்ணில் படாத அந்தப் பொறுமையான உழைப்பால்தான், நம் நிரல் பெரும்பாலும் அப்படியே ஓடுகிறது. அதைச் செய்தவர்கள்மேல் எனக்குப் பெரும் மதிப்பு.